கப்பல் காத்திருக்காது

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் படித்ததும் பதறிப்போய் எனக்குப் போன் பண்ணிவிடாதே. வீட்டுக்குள் நுழைந்ததும் என் போன் அவர் கைக்குப் போய்விடும். எந்த நம்பர், எவ்வளவு நேரம் என்று பார்ப்பார். கடை போனும் வேண்டாம். இரண்டு முறை எங்கேஜ்டாக இருந்தால் மூன்றாவது முறை ஆளே வந்து நிற்பார். சிரித்துக்கொண்டே நிற்பார், அதுதான் பயம். பதில் எழுதுவதாக இருந்தால் கண்ணாடிக் கடை முகவரிக்கு எழுது. முதலாளியம்மா பிரிக்காமல் லென்ஸ் டிராயருக்கு அடியில் வைத்துவிடுவார்கள். அவர்களிடம் நான் எதுவும் சொன்னதில்லை. ஆனால் போன மாதம் என் கண்ணாடிக்கு நானே மறுபடி புது ஃபிரேம் போட்டபோது பக்கத்தில் வந்து, "மத்தவங்க கண்ணாடியெல்லாம் வருஷக்கணக்கா உழைக்குது. உன்னோடது மட்டும் ஏன்மா அடிக்கடி கீழே விழுது?" என்றார்கள். நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷ விற்பனையில் அவர்தான் முதலாவதாம். பரிசாகக் கம்பெனி செலவில் ஜோடியாக வெளிநாட்டுப் பயணம். ஒரே பயணத்தில் ஆறு நாடு. கப்பலில் போகலாம், அல்லது தரைவழியாக பஸ்ஸில் போகலாம். எது என்று அடுத்த மாதத்துக்குள் சொல்ல வேண்டும். கூட வேலை பார்க்கும் நண்பரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்திருந்த அன்று, இரண்டு விளம்பரப் புத்தகத்தையும் என் மடியில் போட்டு, "நீயே சொல்லு, உனக்காகத்தானே இதெல்லாம்" என்றார். நண்பர் மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "குடுத்து வெச்சவங்க நீங்க" என்றாள். அவர்களும் வருகிறார்கள்.

கப்பல் என்றால் ஒரே அறை. பெட்டியை ஒரு தடவை பிரித்தால் போதும், தூங்கி எழுந்தால் வேறு நாடு. தரைவழி என்றால் தினம் ஒரு ஓட்டல், தினம் பெட்டி கட்ட வேண்டும், எல்லைக்கு எல்லை இறங்கி ஏற வேண்டும். ஆனால் அக்கா, தரைவழிப் பாதையில் உன் ஊர் இருக்கிறது. ஒரு ராத்திரி தங்கல். அதைப் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் அவருக்குக் கேட்டுவிடுமோ என்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

உன்னிடம் எதற்குப் பூசி மெழுக வேண்டும்? எனக்கு ஊர் பார்க்கும் ஆசை இல்லை. போன இடத்திலிருந்து திரும்பி வராமல் இருக்கும் ஆசைதான். கல்யாணமானதிலிருந்து என் பாஸ்போர்ட் அவர் ஆபீஸ் லாக்கரில் இருக்கிறது. அது வெளியே வரப்போவது இந்த ஒரு தடவைதான். முன்பு நான் தோழி வீட்டில் போய் உட்கார்ந்ததும், அவர் பழக்கூடையோடு வந்து எல்லோரிடமும் தன்மையாகப் பேசியதும், அவர்களே என்னைக் காரில் ஏற்றி அனுப்பியதும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடப்பது உனக்குத் தெரியாது. அவர் என்னை அடிப்பதில்லை. கையை நீட்டுவார். நான் கண்ணாடியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அது இல்லாவிட்டால் எனக்கு வாசற்படியும் ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான். சில நாள் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும், சில நாள் மறுநாள். சில நாள் உடைந்து கிடைக்கும்.

நீ பஸ் ஓட்டுகிறவள், ஆறு நாட்டு மனிதர்களை ஏற்றி இறக்குகிறவள். கப்பலா, தரையா? எனக்கு யோசிக்கவே பயமாக இருக்கிறது.

உன்
சோடாபுட்டி


மார்ச் 15

அடி சோடாபுட்டி,

உன் கடிதத்தைக் கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படித்தேன். படித்து முடித்து அப்படியே உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "டிரைவரம்மா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்ட பிறகுதான் வண்டியைக் கிளப்பினேன். அன்று முழுக்க கியர் மாற்றும்போதெல்லாம் அந்த மகராசன் கழுத்தைத் திருகுவதாக நினைத்துக்கொண்டேன். கண்ணாடியையா பிடுங்குகிறான்? சின்ன வயதில் நீ கண்ணாடி இல்லாமல் என் முதுகைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தவள். உன்னை ஒருத்தன் இருட்டில் நிறுத்துகிறான், எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை. என்னைச் சொல்ல வேண்டும்.

சரி, அழுது ஆகப்போவது ஒன்றும் இல்லை. கப்பலா தரையா என்று கேட்டாயே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தரைதான். கப்பல் என்பது வெளியில் பூட்டிய வீடு. நடுவில் இறங்க வேண்டுமென்றால் மணியடித்து நிறுத்தச் சொல்ல முடியுமா? தரைவழி என்றால் எல்லையில் எல்லோரும் இறங்கியாக வேண்டும். அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கையில். ஒவ்வொருவராகத்தான் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் போக வேண்டும். ராஜாவாக இருந்தாலும் தரையில் கிழித்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், உன் வீட்டுக்காரன் எம்மாத்திரம்? அங்கிருந்து என் ஊர் கொஞ்ச தூரம். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்காமல் உடம்போடு வைத்துக்கொள். காலையில் ஓட்டல் பின்வாசலில் நான் நிற்பேன். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கை கழுவப் போகிற மாதிரி எழுந்து வா. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த ஊர்ச் சுற்றுலா பஸ்களை எல்லாம் எனக்குத் தெரியும். பாதி டிரைவர்கள் என்னோடு டீ குடிப்பவர்கள். தயங்கித் தயங்கிச் சொல்லாதே, சந்தேகம் வரும். "தரைவழி" என்று பளிச்சென்று சொல்லிவிடு.

பயப்படாதே. பயந்தாலும் பரவாயில்லை, சாப்பிடு. நீ பயந்தால் சாப்பிட மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

அக்கா


மார்ச் 29

அக்கா,

எழுத்து பெரிது பெரிதாகக் கோணிக்கொண்டு இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. காகிதத்தில் மூக்கு இடிக்க எழுதுகிறேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் காய்ச்சல் என்று அவரே கடைக்குச் சொல்லிவிட்டார். மறுபடி வேலைக்குப் போகும் நாளில்தான் இதைத் தபாலில் போட முடியும்.

நீ சொன்னபடியே பளிச்சென்று சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இவ்ளோ சீக்கிரமா முடிவு பண்ணிட்டியா? ஒரு செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குற ஆளாச்சே நீ" என்று சிரித்தார். எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்து வரைபடத்தை மேஜைமேல் விரித்தார். விரலை வைத்து ஊர் ஊராக நகர்த்திக்கொண்டே போனார். உன் ஊர்மேல் விரல் நின்றது. "ஓ" என்றார். அவ்வளவுதான். கையை நீட்டினார்.

கொடுத்தேன். அப்புறம் தரையில் சத்தம் கேட்டது. செருப்புக் காலால் மிதித்தால் ஃபிரேம் முதலில் உடையும், லென்ஸ் அப்புறம்தான் உடையும். எனக்கு அந்த வரிசை நன்றாகத் தெரியும், தொழில் அதுதானே.

"கப்பல்லயே போவோம்" என்றார். "நாலு பக்கமும் தண்ணி. நீ எங்கே போயிடுறேன்னு பார்க்கலாம்." மறுநாளே கம்பெனிக்குச் சொல்லியாயிற்று.

எனக்கு நீச்சல் தெரியாது. ராத்திரி கண்ணை மூடினால் அந்த அறைதான் வருகிறது. ஒரே அறை, அவரும் நானும், கதவுக்கு வெளியே கடல். மூன்றாவது துறைமுகம் உன் நாட்டில்தானாம், ஆனால் உன் ஊர் அங்கிருந்து எங்கோ உள்ளே தள்ளி இருக்கிறது. அதையும் அவர்தான் சொன்னார், நான் கேட்காமலே. அக்கா, நீ எந்த யோசனையும் சொல்ல வேண்டாம். கொஞ்ச நாள் எழுதவும் வேண்டாம்.

சோடாபுட்டி


ஏப்ரல் 9

அடியே,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள்.

பளிச்சென்று சொல் என்று உன்னை உசுப்பிவிட்டவள் நான். நாலு கடை ஏறி இறங்கும் பெண் ஒரே நொடியில் முடிவு சொன்னால் எவனுக்கும் சந்தேகம் வரும். கூடப் பிறந்தவளுக்கு இது உறைத்திருக்க வேண்டாமா? சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து, எல்லோரும் திருப்பின பக்கம் திரும்புவார்கள் என்று நினைக்கிற புத்தி வந்துவிட்டது எனக்கு. இதைப் பற்றி இனிமேல் பேச வேண்டாம், பேசினால் எனக்குச் சோறு இறங்காது.

இப்போது நான் சொல்வதை முழுக்கப் படி. நேற்று என் வண்டியில் ஒரு பெண், "இதோ வந்துடுறேங்க" என்று மருந்துக்கடைக்கு இறங்கிப் போனாள். வரவே இல்லை. உள்ளே எல்லோரும் கத்துகிறார்கள். நான் எடுக்கவில்லை. அவள் பை சீட்டில் இருக்கும்போது எப்படி எடுப்பது? ஹாரன் அடித்தேன், இரண்டு பேர் இறங்கிப்போய்த் தேடிக் கூட்டி வந்தார்கள். வண்டியை எடுக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பஸ் என்றால் காத்திருக்கும், சோடாபுட்டி. ஒரு தலை குறைந்தால் சுற்றுலா பஸ் நகரவே நகராது. டிரைவர் தேடுவான், கைடு தேடுவான், உன் வீட்டுக்காரன் கண்ணீரோடு முதல் ஆளாகத் தேடுவான். உன்னைக் கண்டுபிடித்து அவன் கையில் ஒப்படைத்துவிட்டுக் கை தட்டுவார்கள். நான் உன்னைக் கொண்டுபோய் அதில்தான் மாட்டிவிடப் பார்த்தேன்.

இன்று காலை கப்பல் கம்பெனிக்குப் போன் பண்ணினேன். நான் வரப்போகிற பயணி மாதிரி பேசினேன். "ஏம்மா, ஊரைச் சுத்திப் பார்க்க இறங்கி, நேரத்துக்கு வர முடியலேன்னா என்ன பண்ணுவீங்க?" என்றேன். அந்தப் பெண் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள்: "கப்பல் காத்திருக்காதுங்க. நீங்க வராட்டி, உங்க பாஸ்போர்ட்டைத் துறைமுகத்துல எங்க ஆள்கிட்ட குடுத்துட்டுக் கிளம்பிடுவோம்." மறுபடி கேட்டேன். அதே பதில். வேறு நேரத்தில் கூப்பிட்டு வேறு ஆளிடமும் கேட்டேன். அதே பதில்தான்.

புரிகிறதா? ஏறும்போதே பாஸ்போர்ட்டைக் கப்பல்காரர்கள் வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு அட்டை கொடுப்பார்கள். அவன் கையில் இருக்காது. நீ இறங்கிவிட்டால், உன் பாஸ்போர்ட்டை அவர்களே இறக்கி வைப்பார்கள். அவனைக் கப்பலே தூக்கிக்கொண்டு போய்விடும். அடுத்த துறைமுகம்வரை அவனால் இறங்க முடியாது. நாலு பக்கமும் தண்ணி என்றானே, அது அவனுக்கும்தான்.

மூன்றாவது துறைமுகத்துக்கு நான் ரயிலில் வருவேன். மழைக்கு டிரைவர்களுக்குக் கொடுக்கும் மஞ்சள் கோட்டுப் போட்டுக்கொண்டு, கப்பலுக்கு எதிரில் நிற்பேன். கண்ணாடி இல்லாவிட்டாலும் அந்த மஞ்சள் உனக்குத் தெரியும். நான் ஓடி வர மாட்டேன், கை காட்ட மாட்டேன். நீ நடந்து வா. கடையில் உனக்கு இன்னொரு கண்ணாடி செய்து ஒளித்து வை.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

உனக்கென்ன, கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பது சுலபம். நடக்க வேண்டியவள் நான்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம்தான். போன தடவை உன் பேச்சைக் கேட்டதற்குக் கிடைத்தது போதும் என்று இரண்டு நாள் உன் கடிதத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். பிரித்த பிறகு இடுக்கியை மூன்று தடவை கீழே போட்டேன். ஒரு வாடிக்கையாளர் கண்ணாடிக்கு மூக்குப்பட்டை மாற்ற முடியாமல் முதலாளியம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் ஒரு நிமிஷம்கூட என்னைவிட்டு நகராவிட்டால்? என் அட்டையை அவர் வைத்துக்கொண்டால்? இறங்கும் வாசலில் அவரைக் கூட்டி வரச் சொன்னால்? நான் பாதியில் நின்று திரும்பிவிட்டால்? கடைசிக் கேள்விதான் அக்கா எனக்குப் பெரிய பயம். தோழி வீட்டிலிருந்து காரில் ஏறினது யாரும் கையைப் பிடித்து இழுத்ததால் இல்லை. அவர், "வாம்மா" என்றார், என் கால் தானாகப் போயிற்று. அந்தக் கால்தான் இன்னும் எனக்கு இருக்கிறது.

அப்புறம் நீ. ரயில் தாமதமானால்? உனக்கு லீவு கிடைக்காவிட்டால்? தெரியாத ஊரில், கண் தெரியாமல், கப்பலும் போன பிறகு நான் யாரைப் பிடித்துக்கொண்டு நடப்பேன்?

ஆனாலும் கண்ணாடி செய்துவிட்டேன். நேற்று கடை மூடும் நேரம் அவர் சந்தில் காரை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தோடே லென்ஸைத் தேய்த்து, பழைய ஃபிரேமில் பொருத்தி, போட்டுக்கூடப் பார்க்காமல் மாதவிலக்குப் பஞ்சு பாக்கெட்டுக்குள் திணித்துவிட்டேன். என் பெட்டியில் அவர் கை படாத பொருள் அது ஒன்றுதான். முதலாளியம்மா பார்த்தார்கள். விளக்கை அணைத்துக்கொண்டே, "போயிட்டு வா" என்றவர்கள் சட்டென்று நிறுத்தி, "பத்திரமா போ" என்று மட்டும் சொன்னார்கள்.

நான் இறங்குவேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

சோடாபுட்டி


மே 2

சோடாபுட்டி,

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். தரமாட்டோம் என்றால் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், தந்துவிட்டார்கள். கப்பல் வருவதற்கு முதல் நாளே நான் அங்கே இருப்பேன்.

நீ இறங்காவிட்டால் நான் உன்மேல் கோபப்பட மாட்டேன். அடுத்த கப்பல், அடுத்த வருஷம், எப்போது என்றாலும் வந்து நிற்பேன். எனக்கு நிறுத்தத்தில் நின்று பழக்கம்தானே.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருந்தால் நீ மட்டும் தனியாகப் பயப்படுவதாக நினைப்பாய். இரண்டு நாளாக சிக்னலில் பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன்.

அக்கா


மே 19, கப்பலில்

அக்கா,

பென்சிலில் எழுதுகிறேன். அறை சுத்தம் செய்யும் பெண்ணிடம் கொடுக்கப்போகிறேன், கரை இறங்கும்போது போடுவாளாம். இது உனக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

நீ சொன்னது சரி. ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு அட்டை கொடுத்தார்கள். இரண்டு அட்டையும் அவர் சட்டைப் பையில். இரண்டு துறைமுகத்திலும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டேதான் இறங்கினார்.

ஆனால் கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் ராத்திரியே வாந்தி. கப்பல் டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், போட்டால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறார். தூங்குமுன் கையை நீட்டுவார். கண்ணாடியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "இப்ப எங்கே வேணா போய்ட்டு வா" என்பார்.

இன்று அவர் தூங்கும்போது குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு ஒளித்த கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். அக்கா, நான் இடது லென்ஸை வலதிலும் வலதை இடதிலும் போட்டிருக்கிறேன். எத்தனை பேருக்குப் பொருத்தியிருப்பேன், ஒருத்தருக்கு இப்படிச் செய்ததில்லை. என் இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு வேறு. தரை சரிகிறது, கதவு வளைகிறது, படி எது நிழல் எது என்று தெரியவில்லை. கழற்றி மாற்ற இடுக்கியும் இல்லை, திருப்புளியும் இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் கொஞ்சம் பரவாயில்லை.

நாளை மறுநாள் உன் துறைமுகம். வராவிட்டால் என்னை மன்னித்துவிடு.

சோடாபுட்டி


ஜூன் 11

அக்கா,

நீ குளிக்கப் போயிருக்கும் நேரத்தில் உன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்ன கடிதம் என்று சிரிக்காதே. வாயால் சொல்ல வரவில்லை. உன்னிடம் எல்லாவற்றையும் எழுதியே பழகிவிட்டேன். கப்பலில் எழுதினதும் நேற்றுத்தான் வந்து சேர்ந்தது, பிரிக்காமல் உன் தலையணைமேல் வைத்திருக்கிறேன்.

அன்று என்ன நடந்தது என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று நினைக்கிறாய். சொல்கிறேன்.

காலையில் அவரோடுதான் இறங்கினேன். உன் மஞ்சள் கோட்டைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி உன்னைத் தாண்டி நடந்தேன். நீயும் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாய். தரையும் ஆடுகிறது என்று அவர் என்னையும் கூட்டிக்கொண்டு சீக்கிரமே கப்பலுக்குத் திரும்பிவிட்டார். உள்ளே போனதும், எல்லாம் முடிந்தது, இனிமேல் கடல்தான் என்று நினைத்தேன். அவர் மாத்திரை போட்டுக்கொண்டார். கையை நீட்டினார். கொடுத்தேன்.

கப்பல் கிளம்பப் போகிறது, எல்லோரும் ஏறிவிட்டீர்களா என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவர் அசையவில்லை. கொக்கியில் தொங்கிய சட்டைப் பைக்குள் கையை விட்டேன். இரண்டு அட்டையும் ஒரே மாதிரி. மூக்கில் ஒட்டிவைத்து என்னுடையதைக் கண்டுபிடித்தேன். போன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தேன். தொந்தரவு செய்யாதீர்கள் என்ற பலகையைக் கதவில் மாட்டினேன். ஒளித்துவைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். பெட்டியை எடுக்கவில்லை, செருப்பைக்கூடக் கையில்தான் எடுத்துக்கொண்டேன்.

படிக்கட்டில் நண்பரின் மனைவி எதிரே வந்தாள். "எங்கே கிளம்பிட்டீங்க? அவர் எங்கே?" என்றாள். "தூங்குறார்" என்றேன். "கண்ணாடி வேற மாதிரி இருக்கே" என்றாள். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அக்கா. கால் அப்படியே திரும்பிவிடும் போலிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள். குடுத்து வைத்தவள் என்று சொன்னாளே, அதே ஆள். சுவரோடு ஒதுங்கி வழிவிட்டு, "நான் உங்களைப் பார்க்கவே இல்லை" என்றாள். நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

வாசலில் இருந்த காவலாளி அட்டையை வாங்கி மெஷினில் காட்டினான். "இப்பப் போய் எங்கே இறங்குறீங்க?" என்றான். "எங்க அக்கா கீழே நிக்கிறாங்க, ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடுறேன்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய், அதில் பாதி உண்மை. "சீக்கிரம் வந்துடுங்க. கப்பல் காத்திருக்காது" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் என் கால் நகர்ந்தது.

இறங்கும் பலகை எனக்குப் பாம்பு மாதிரி நெளிந்தது. மஞ்சளை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். துறைமுகக் கழிப்பறையில் ஒரே தடுப்புக்குள் இரண்டு பேரும் நின்றோம். என் வாயை நீ பொத்திக்கொண்டாய், உன் வாயை யார் பொத்துவது என்று தெரியாமல் உன் கோட்டுக் காலரைக் கடித்துக்கொண்டாய். ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிட்டார்கள், மறுபடி கூப்பிட்டார்கள். அப்புறம் சங்கு ஊதியது. அந்தச் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை நான் மூச்சு விட்டதாக நினைவில்லை. பாஸ்போர்ட்டைக் கொடுத்த ஆள், "அடடா, கப்பலை விட்டுட்டீங்களே! உங்க வீட்டுக்காரர் எவ்ளோ தவிச்சிருப்பார்! அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பி வைக்கட்டுங்களா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டான், பாவம். நீ அவனை முறைத்த முறைப்பில் அதோடு வாயை மூடிக்கொண்டான்.

அவர் வரவில்லை. பயணத்தை முழுசாக முடித்துக்கொண்டு, மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். முதலாளியம்மா எழுதியிருந்தார்களே, கடைக்குப் பழக்கூடையோடு வந்தாராம். என் முகவரி கேட்டாராம். "எங்ககிட்ட கண்ணாடிதான் இருக்கு, முகவரி இல்லீங்க" என்றார்களாம். நீ போலீசில் எழுதிக் கொடுத்ததும், இந்தத் தெரு அவருக்குத் தெரியாது என்பதும் எனக்குப் புரிகிறது. புத்திக்குப் புரிகிறது. காலிங்பெல் அடித்தால் கை தானாகக் கண்ணாடிக்குப் போகிறது, கழற்றிக் கொடுக்க.

வந்ததிலிருந்து நான் வாசற்படி தாண்டவில்லை. மாற்றிப் போட்ட லென்ஸோடு ஒரு கண்ணை மூடிக்கொண்டே உன் வீட்டுக்குள் நடக்கிறேன். கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போகிறேன் என்று தினம் கூப்பிடுகிறாய், தினம் தலைவலி என்கிறேன். நேற்று ராத்திரி நீ கத்திவிட்டாய். "அவன் பூட்டி வெச்சான், சரி. இப்ப நீயே பூட்டிக்கிறியே, சாவி உன் கையிலதானே இருக்கு!" என்றாய். அப்புறம் சமையலறையில் போய் நீ அழுததும் எனக்குக் கேட்டது.

இதை உன் சாப்பாட்டு டப்பாவில், மூடிக்கு அடியில் வைக்கிறேன். மதியம் திறக்கும்போது பார்ப்பாய். மூன்று மணி வண்டி உன்னுடையது. முனையில் இருக்கும் நிறுத்தத்துக்கு நான் வருகிறேன். தனியாக. கூட்டிப்போக யாரையும் அனுப்பாதே. நீ சொன்ன கண்ணாடிக் கடையில் இறங்கி, இடுக்கியைக் கேட்டு வாங்கி, என் லென்ஸை நானே கழற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்து வைத்திருக்கிறேன். உனக்கு அது நாலு எட்டு. எனக்கு அந்தக் கப்பல் பலகையைவிட நீளமாகத் தெரிகிறது. நேரமாகும். நடுவில் நின்றுவிட்டாலும் நின்றுவிடுவேன். நிறுத்தத்தில் என்னைக் காணோம் என்றால் வண்டியை எடுத்துவிடாதே, அக்கா. உள்ளே எல்லோரும் கத்தினாலும் எடுக்காதே. ஹாரன் அடித்துக்கொண்டே இரு. வந்துவிடுவேன்.

உன்
சோடாபுட்டி